2011 எஸ் கிளாஸுக்கு 9.40 லட்சம் எஸ்டிமேட்: சரி பண்றதா, தள்ளி விடறதா?

நூல்மில், திருப்பூர்

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சுட்டு இருந்தேன், இன்னைக்குத்தான் எழுதறேன்.

வண்டி பென்ஸ் எஸ் 350 சி.டி.ஐ., டபிள்யூ 221 மாடல், 3 லிட்டர் வி6 டீசல். 2011 பதிவு. நான் ரெண்டாவது ஓனர், 2017-ல எடுத்தேன். 1.62 லட்சம் கி.மீ. ஓடியிருக்குது. வருஷத்துக்கு 9,000, 10,000 தாண்டாது. கோவை, சென்னை, எப்பவாவது பெங்களூரு. வீட்டுல இன்னொரு எர்டிகா இருக்குதுங்க.

பிரச்சனை இதுதான். ராத்திரி நிறுத்தினா காலைல முன்பக்கம் இடது மூலை படுத்துக் கிடக்குது. ஸ்டார்ட் பண்ணினா எந்திரிச்சுக்கும், ஆனா முன்ன மாதிரி வேகம் இல்லை. என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல ஆயில் சொட்டுது. காலைல குளிர்ல ரெண்டுலருந்து மூணாவது கியர் போறப்ப ஒரு இடி.

கம்பெனி ஒர்க்‌ஷாப்புல கொடுத்த எஸ்டிமேட்: முன் ஏர் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துல வண்டியைத் தாங்கறது) ரெண்டும் 3.10 லட்சம், கம்ப்ரஸர் 85,000, கியர்பாக்ஸை இறக்கி ரியர் மெயின் சீல் (என்ஜின் பின்பக்கம் ஆயில் கசியாம தடுக்கற வளையம்) மாத்த 1.35, லோயர் ஆர்ம், புஷ் எல்லாம் 1.40, கியர்பாக்ஸ் சர்வீஸும் கண்டக்டர் பிளேட்டும் (கியர்பாக்ஸுக்குள்ள இருக்கற எலக்ட்ரானிக் தட்டு) 1.65, என்ஜின் மவுண்ட் 60,000, முன் பிரேக் டிஸ்க், பேட் 45,000. ஆக 9.40 லட்சம்.

பழைய கார் வியாபாரி ஒருத்தர் இருக்கற நிலைமைல 6.50 தர்றேங்கறார். எல்லாம் சரியா இருந்தா 8.50 வரைக்கும் போகுமாம். நவம்பர்ல 15 வருஷம் முடியுது, ஆர்.சி. புதுப்பிக்கணும்.

சம்சாரம் வித்துடச் சொல்லுது. பையன் இன்னோவா ஹைக்ராஸ்ங்கறான். எனக்கு மனசு வரலீங்க. ஆனா மனசை வெச்சு முடிவெடுக்கக் கூடாதுன்னுதான் இங்க வந்தேன். சொல்லுங்க.

அம்பாசடர் பேரன், மதுரை

இதுல யோசிக்க என்னண்ணே இருக்கு? வண்டி 6.50 போகுது, ரிப்பேர் 9.40 கேக்குது. வித்துட்டுப் போய்க்கிட்டே இருங்க.

சர்வே புலி, சென்னை

பேரன் சொல்றது இன்ஷூரன்ஸ் கம்பெனியோட கணக்கு. நான் வாகன சர்வேயர்ங்கறதால அந்தக் கணக்குலதான் சோறு சாப்பிடறேன். ஐ.டி.வி.யில, அதாவது பாலிசியில வண்டிக்குப் போட்டிருக்கற மதிப்புல, 75 சதவீதத்தைத் தாண்டி ரிப்பேர் வந்தா டோட்டல் லாஸ் போட்டு மூடிடுவோம். உங்க வண்டி ஐ.டி.வி. 6 லட்சம்னு வைங்க, நாலரை லட்சம் தாண்டினா கதை முடிஞ்சது.

ஆனா இன்ஷூரன்ஸ் கம்பெனி அந்த வண்டியில ஏறி ஊருக்குப் போகப் போறதில்லை. நீங்க போகப் போறீங்க. அதனால ரிப்பேர் செலவை விக்கிற விலையோட ஒப்பிடறதுல அர்த்தமே இல்லை. வண்டியை வித்துட்டா அடுத்து என்ன வாங்குவீங்க, அது அஞ்சு வருஷத்துல எவ்வளவு முழுங்கும், அதோட ஒப்பிடுங்க.

பையன் சொன்ன ஹைக்ராஸையே எடுங்க. மேல் மாடல் ஷோரூம் விலையே 30 லட்சம் பக்கம். தமிழ்நாட்டுல 2023 நவம்பர்லேர்ந்து 20 லட்சத்துக்கு மேல உள்ள காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். அதாவது சுமாரா 6 லட்சம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயே போயிடும். விக்கிறப்ப அந்த 6 லட்சத்தை யாரும் தனியா எண்ணித் தர மாட்டான். வண்டி கேட்டைத் தாண்டி வெளிய வர்றதுக்குள்ள உங்க எஸ்டிமேட்ல மூணுல ரெண்டு பங்கு காலி. 2025 செப்டம்பர்ல ஜி.எஸ்.டி. மாத்தினப்ப பெரிய கார்களுக்கு செஸ் போய் 40 சதவீதம்னு ஆச்சு, சொகுசு கார் விலையும் இறங்குச்சு. அதை வெச்சு ‘இப்ப வாங்கினா லாபம்’னு சொல்லுவாங்க. அதே மாற்றத்துல உதிரிபாகத்துக்கும் 28-லேர்ந்து 18 ஆச்சுங்கறதை யாரும் சொல்றதில்லை.

பழைய எஸ் கிளாஸ் விழ வேண்டிய விலை எல்லாம் விழுந்து முடிஞ்சது. இனி அஞ்சு வருஷத்துல மிஞ்சிப் போனா நாலு லட்சம் இறங்கும். புது வண்டி அதே அஞ்சு வருஷத்துல ஆன்ரோடு விலையில பாதிக்குப் பக்கம் இறங்கும்.

ஒரே ஒரு கேள்வி. வண்டி எப்பவாவது தண்ணியில நின்னதா? 2015 சென்னை வெள்ளம், 2023 மிக்ஜாம் ரெண்டுலயும் எத்தனையோ வண்டி பார்த்தாச்சு. தரை விரிப்புக்குக் கீழ இருக்கற ஒயரிங்ல தண்ணி பட்ட சொகுசு காரைச் சரி பண்ணவே கூடாது. வருஷக்கணக்கா ஒண்ணு மாத்தி ஒண்ணு போகும். அப்படின்னா நானே பேரன் கட்சி.

நூல்மில், திருப்பூர்

தண்ணியே படலீங்க. முதல் ஓனரும் கோவைதான், மூடின ஷெட்டுல நின்ன வண்டி.

ஸ்பேனர் செட்டு, கோவை

நான் பென்ஸ், பி.எம்.டபிள்யூ. மட்டும் பார்க்கற வெளி மெக்கானிக். உங்க வண்டியை நான் பார்க்கல, அதனால விலை சொல்ல மாட்டேன். ஆனா எஸ்டிமேட்டைப் படிச்சா சில இடம் உறுத்துது.

முதல்ல ஆயில். இந்த என்ஜின் ஓ.எம். 642. ரெண்டு வரிசை சிலிண்டருக்கு நடுவுல பள்ளத்துல ஆயில் கூலர் உக்கார்ந்திருக்கும். அதோட சீல் சூட்டுல காஞ்சு கல்லாயிடும். அங்க கசியற ஆயில் பள்ளத்துலேயே பின்னாடி ஓடி, கியர்பாக்ஸ் சேர்ற இடத்துல சொட்டும். கீழேர்ந்து பார்க்கறவங்களுக்கு அச்சு அசல் ரியர் மெயின் சீல் மாதிரியே தெரியும். கியர்பாக்ஸை இறக்கி சீலை மாத்தி ஏத்தின பிறகும் அதே இடத்துல சொட்டற வண்டி என்கிட்ட நிறைய வந்திருக்கு. மேல கவரைக் கழட்டி, டார்ச் அடிச்சு அந்தப் பள்ளத்துல ஆயில் நிக்குதான்னு பார்க்கச் சொல்லுங்க. நின்னா கூலர் சீல்தான். சீல் விலை சில ஆயிரம், ஆனா டர்போ, இன்டேக் மேனிஃபோல்டு எல்லாம் கழட்டணும், லேபர்தான் பணம். பழைய சீல் ஆரஞ்சு கலர்ல இருக்கும், மாத்தி வந்தது ஊதா. ஊதாதான் போடணும், கையில வாங்கிப் பாருங்க.

அதைக் கழட்டறப்பவே டர்போவுக்குப் போற காத்துக் குழாய் சீலையும் மாத்திடுங்க. அங்க கசிஞ்சா நேரா கீழ இருக்கற ஸ்வர்ல் மோட்டார் (என்ஜினுக்குள்ள போற காத்தைத் திருப்பி விடற மோட்டார்) மேல சொட்டி அதையும் தின்னுடும். நூறு இருநூறு ரூபா சமாச்சாரத்தை விட்டுட்டு அப்புறம் மறுபடி அத்தனையும் கழட்டறது கொடுமை.

அடுத்து ஏர் சஸ்பென்ஷன். ஒரு மூலை படுக்குதுன்னா ரெண்டு ஸ்ட்ரட், கம்ப்ரஸர்னு எழுதிக் கொடுக்கறது சுலபம். முதல்ல டேப் எடுங்க. சமதரையில நிறுத்திட்டு, நாலு வீலுக்கும் தரையிலேர்ந்து வீல் நடு வழியா மட்கார்டு விளிம்பு வரைக்கும் அளந்து எழுதி வைங்க. காலைல கதவைக்கூடத் திறக்காம மறுபடி அளங்க. கதவைத் திறந்தாலே சில சமயம் சிஸ்டம் முழிச்சுக்கும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தா அந்த ஸ்ட்ரட் இல்லைன்னா அதோட மேல் இணைப்பு. முன்பக்கம் ரெண்டும் சேர்ந்து இறங்கியிருந்தா ஸ்ட்ரட்டுகளுக்குக் காத்தைப் பிரிச்சு விடற வால்வு பிளாக் பக்கம் பார்க்கணும். அப்புறம் சோப்புத் தண்ணி. மேல இணைப்புல நுரை வந்தா சின்னச் செலவோட முடியும். ரப்பர் மடிப்புல வந்தா ஸ்ட்ரட்டே போச்சு.

கம்ப்ரஸர் கதை வேற. ஸ்ட்ரட் கசியக் கசிய அது ஓய்வில்லாம ஓடித் தேஞ்சு போகும். ரிலே ஒட்டிக்கிட்டா நிக்காம ஓடிப் புகைஞ்சே போகும். கம்ப்ரஸர் மாத்தறவங்க ரிலேவையும் சேர்த்து மாத்தணும், ரிலே வெறும் சில நூறு ரூபா.

கண்டக்டர் பிளேட் ஏன் எழுதினாங்கன்னு கேளுங்க. ஸ்கேனர்ல ஸ்பீடு சென்சார் கோளாறு பதிவாகியிருந்தா சரி. ஒண்ணுமே பதிவாகாம குளிர்ல மட்டும் இடிக்குதுன்னா முதல்ல ஆயில், ஃபில்டர் மாத்திப் பாருங்க. 7ஜி கியர்பாக்ஸ் ஆயில் கடைசியா எப்ப மாத்தினீங்க?

இதெல்லாம் வண்டி மட்டமானதுங்கறதுக்கு இல்லை. 15 வருஷ ரப்பர் எந்தக் கம்பெனிக் காரா இருந்தாலும் ரப்பர்தான்.

நூல்மில், திருப்பூர்

கியர் ஆயில் நான் வாங்கின பிறகு மாத்தவே இல்லீங்க. ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்னு யாரோ சொன்னாங்க.

ஸ்பேனர் செட்டு, கோவை

யாரோட ஆயுசுன்னு கேட்டிருக்கணும்.

டாக்டர் வேலூர்

இங்க எல்லாரும் ஒரே பக்கம் சாயற மாதிரி இருக்கு, அதனால மறுபக்கம் சொல்றேன். என்கிட்டயும் 12 வருஷப் பழைய ஜெர்மன் கார் இருந்தது, பேர் வேண்டாம். செலவு எனக்குப் பெரிய விஷயமா இல்லை. காத்திருப்புதான். ஒரு சென்சார் வர ரெண்டு வாரம். வந்தது வேற நம்பர். மறுபடி ரெண்டு வாரம். வண்டி ஒர்க்‌ஷாப்புல லிஃப்ட் மேல, நான் ஆட்டோவுல. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்தா ஸ்டார்ட் ஆகுமான்னு யோசிச்சுக்கிட்டே சாவியை எடுக்கற வாழ்க்கை எனக்கு ஒத்துவரலை. வித்துட்டு ஒரு டொயோட்டா எடுத்தேன். நஷ்டம்தான், தெரியும். நிம்மதிக்குக் கொடுத்த விலைன்னு வெச்சுக்கிட்டேன்.

சர்வே புலி சார் கணக்குல இந்த வரி எங்க இருக்கு?

சர்வே புலி, சென்னை

டாக்டர் சொல்றதுல தப்பே இல்லை. அவருக்கு அது ஒரே வண்டி. நூல்மில் சார்கிட்ட எர்டிகா நிக்குது. பழைய சொகுசு காரை ஒரே காரா வெச்சிருக்கறவங்களுக்கு நானும் வித்துடுங்கன்னுதான் சொல்லுவேன்.

வரவு செலவு, ஈரோடு

ஆடிட்டிங் பண்றேன், அதனால வரிப் பக்கம் மட்டும் பேசறேன். ‘புதுசா வாங்கிக் கம்பெனி கணக்குல போட்டுக்கலாம்’னு யாராவது சொல்லியிருப்பாங்களே அண்ணா?

நூல்மில், திருப்பூர்

எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? நம்ம ஆடிட்டர்தான் சொன்னாருங்க. இந்த எஸ் கிளாஸும் ஃபர்ம் பேர்லதான் இருக்குது.

வரவு செலவு, ஈரோடு

எல்லா ஓனரும் அதைத்தான் கேட்டுட்டு வருவாங்க. காருக்கு வருமான வரியில தேய்மானம் வருஷத்துக்கு 15 சதவீதம், அதுவும் மிச்சமிருக்கற மதிப்பு மேல. 36 லட்சத்துக்கு ஆன்ரோடு எடுத்தா முதல் வருஷம் 5.40 லட்சம் கழிக்கலாம். 180 நாளுக்குக் குறைவா உபயோகிச்சிருந்தா அதுல பாதிதான். 5.40 லட்சமும் மிச்சமாகறதில்லை, அதுக்கான வரிதான் மிச்சம். பார்ட்னர்ஷிப் ஃபர்முக்கு செஸ்ஸோட 31.2 சதவீதம்னு போட்டா 1.68 லட்சம் வருது. அதுக்காக 36 லட்சத்தைக் கையிலேர்ந்து விடறீங்க.

ரிப்பேர் செலவுன்னா, இருக்கற வண்டியை ஓடற நிலைமையில வைக்கறதுக்கான செலவா இருந்தா, அந்த வருஷமே முழுசா கழிச்சுக்கலாம். சொந்த உபயோகத்துக்குன்னு ஒரு பங்கை வரி அதிகாரி ஏத்துக்காம ஒதுக்கலாம், அது ரெண்டுக்கும் பொதுதான். ஜி.எஸ்.டி. உள்வரிச் சலுகை ரெண்டுலயும் கிடையாது. காருக்கும் கிடையாது, அந்தக் காரோட ரிப்பேருக்கும் கிடையாது. ஆக வரிக்காக வண்டி மாத்தறேன்னு சொல்றவங்க, மாத்தணும்னு ஏற்கெனவே முடிவு பண்ணிட்டு அப்புறம் காரணம் தேடறவங்க.

புது வண்டி வேணும்னு ஆசை இருந்தா வாங்குங்க, அது தனி. அந்த ஆசையைத் தூக்கி எங்க தலையில வைக்காதீங்க.

ஓ.எம்.ஆர். ஓட்டுநர், சென்னை

மூணாவது வழி ஒண்ணு இருக்கே! டெல்லியில 2014, 2015 மாடல் அடுத்த தலைமுறை எஸ் கிளாஸ் டீசல் அடிமாட்டு விலைக்குக் கிடைக்குது. அங்க 10 வருஷம் தாண்டின டீசலுக்குத் தடைன்னு 2018-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு, 2025-ல அதைக் கொஞ்சம் தளர்த்தினாலும் பயம் போகலை. பயத்துல வித்துத் தள்றாங்க. இதைக் குடுத்துட்டு அதை எடுங்க சார்.

சர்வே புலி, சென்னை

அடுத்த தலைமுறையிலயும் ஏர் சஸ்பென்ஷன்தான், அதுக்கும் பத்து வயசு தாண்டிடுச்சு. டெல்லியிலேர்ந்து தடையில்லாச் சான்று வாங்கணும், பேங்க் லோன் முடிஞ்சதுக்கு ஆதாரம் வேணும், இங்க வந்து வண்டி வயசுக்கு ஏத்த ஆயுள் வரி கட்டணும், தமிழ்நாட்டு நம்பர் வாங்கணும். எல்லாம் முடிஞ்சா கையில இருக்கறது யாரோ ஓட்டின, சரித்திரம் தெரியாத வண்டி. நூல்மில் சாருக்குத் தன்னோட வண்டியில எது எப்ப மாத்தினதுன்னு தெரியும். பழைய காருல காசு கொடுத்து வாங்க முடியாத ஒரே பொருள் அந்தத் தகவல்தான்.

யாழ் சாரதி, யாழ்ப்பாணம்

உங்கட கதையளைப் பாக்க எனக்குச் சிரிப்பு வருது. இஞ்ச 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினவங்கள், தனியார் வாகனத்துக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில. அந்த அஞ்சு வருசமும் ‘திருத்துறதோ மாத்துறதோ’ எண்ட கேள்வியே இல்லை. திருத்துறதுதான். பழைய கார் வைச்சிருந்தவன் வாங்கின விலையை விடக் கூட வித்தவன்.

அதுக்கு முதலும் எங்களுக்குப் பழக்கம்தான். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை நேரம் பெற்றோலுக்கு எங்க போறது? ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் ரெண்டு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணையில ஓடினது. அந்தக் கார்கள் சிலது இண்டைக்கும் ஓடுது.

ஆனா ஒண்டு சொல்லுறன் அண்ணை. கேம்பிரிட்ஜை ஒரு ஸ்பானரும் ஒரு கம்பித் துண்டும் இருந்தாத் திருத்தலாம். உங்கட பென்ஸுக்குக் கொம்பியூட்டர் வேணும், அதைப் படிக்கத் தெரிஞ்ச மனுசனும் வேணும். அப்பிடி ஒருத்தர் கிட்டத்தில இருந்தா வைச்சிருங்கோ. இல்லாட்டி வில்லுங்கோ. கார் நல்லதோ கூடாதோ எண்டது அதுக்குப் பிறகு பாக்கலாம்.

சிராங்கூன் சிவா, சிங்கப்பூர்

இங்க கார் வெச்சிருக்கறதுக்கான உரிமச் சான்று சி.ஓ.இ. 10 வருஷம் முடிஞ்சதும் காரைக் கொடுத்துடணும், இல்ல அன்றைய விலைக்கு ஏத்த மாதிரி மறுபடி காசு கட்டி 5 வருஷமோ 10 வருஷமோ நீட்டிக்கணும். நல்லா ஓடற பென்ஸ் எல்லாம் வயசானதாலயே போகுது. 15 வருஷ வண்டியை வெச்சிருக்கீங்களே, பொறாமையா இருக்கு.

அம்பாசடர் பேரன், மதுரை

எல்லாம் சரிண்ணே. 9.40 போட்டுச் சரி பண்ணின மறுமாசமே கியர்பாக்ஸ் உட்கார்ந்தா? அப்ப இன்னொரு 4 லட்சம். ‘இவ்வளவு போட்டாச்சு, இனிமே விக்க முடியாது’ன்னு போட்டுக்கிட்டே இருப்பீங்க. என் மாமா ஒருத்தர் அப்படித்தான் ஒரு பழைய காருல வீட்டு மனை விலையைக் கொட்டினார்.

ஸ்பேனர் செட்டு, கோவை

பேரன் இந்த இழையில கேட்டதுலயே இதுதான் நல்ல கேள்வி.

நான் கஸ்டமர்கிட்ட சொல்றது இது. ரப்பர், சீல், புஷ், ஏர் ஸ்ட்ரட், மவுண்ட், பிரேக், ரேடியேட்டர், ஏ.சி. கம்ப்ரஸர் இதெல்லாம் தேயற சாமான். எத்தனை லட்சம் ஆனாலும், போட்டா அடுத்த பல வருஷத்துக்குத் தீர்ந்தது. என்ஜின் உள் வேலை, கியர்பாக்ஸ் உள் வேலை, தண்ணி பட்ட ஒயரிங், அடிப்பாகத் துரு இது நாலும் வேற ஜாதி. அதுல ஒண்ணு வந்தா அன்னைக்கே நிறுத்திடணும். அதுவரைக்கும் போட்டது போனது, அதை எண்ணவே கூடாது.

அதனால பெரிய பணம் போடறதுக்கு முன்னாடி அந்த நாலையும் பார்த்துடுங்க. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள வர்ற அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்க. கியர் ஆயிலை இறக்கறப்ப பக்கத்துல நின்னு கீழ் தட்டைப் பாருங்க. தட்டுக் காந்தத்துல மை மாதிரி கருப்புக் குழம்பு இருந்தா இந்த வயசுக்கு இயல்பு. விரல்ல எடுத்தா உலோகச் செதில் குத்துதுன்னா, மூடி வெச்சுட்டு வியாபாரிக்குப் போன் போடுங்க. 6.50-ஐ வாங்கிக்கோங்க.

மட்டுறுத்துநர்

சீன ஸ்ட்ரட் பத்தின சண்டையைத் தனி இழைக்கு மாத்தியாச்சு. இங்க நூல்மில் ஐயாவின் வண்டி மட்டும்.

நூல்மில், திருப்பூர்

எல்லாருக்கும் நன்றிங்க. பதில் போட நாளாயிடுச்சு.

டேப் வெச்சு அளந்தேனுங்க. ராத்திரி முன்பக்கம் ரெண்டும் 69 செ.மீ. காலைல இடது 62, வலது 68.5. பின்னாடி ரெண்டும் அசையவே இல்லை. சோப்புத் தண்ணி அடிச்சப்ப இடது ஸ்ட்ரட் ரப்பர் மடிப்புல பொடிப் பொடியா நுரை கிளம்புச்சு, மேல் இணைப்புல ஒண்ணுமே இல்லை. வலது இன்னும் நிக்குது, ஆனா அதே வயசு, அதே ரப்பர். ரெண்டையும் மாத்திடலாம்னு முடிவு.

ஆயில் செட்டு அண்ணன் சொன்ன மாதிரியேதானுங்க. மேல கவரைக் கழட்டி டார்ச் அடிச்சா பள்ளத்துல குளம் கட்டி நிக்குது. ரியர் மெயின் சீல் இல்லவே இல்லை. கம்பெனியில இதைச் சொன்னேன், ‘கியர்பாக்ஸை இறக்கினாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்’ன்னாங்க. அதுக்கு மேல நான் பேசலை.

ஸ்கேனர்ல கியர்பாக்ஸ் கோளாறு எதுவும் பதிவாகலை. அதனால முதல் வேலையா ஆயிலும் ஃபில்டரும் மட்டும் மாத்தச் சொன்னேன், பக்கத்துலயே நின்னேன். தட்டைக் கவுத்தப்ப காப்பி டிகாஷன் கணக்கா ஆயில். காந்தத்துல கருப்புக் குழம்பு இருந்துச்சு, விரல்ல தேய்ச்சுப் பார்த்தேன், மழமழன்னு இருந்துச்சு. குத்தலை. இப்ப காலைல இடி முக்கால்வாசி குறைஞ்சுடுச்சுங்க. கம்ப்ரஷனும் ஆறு சிலிண்டருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

இப்ப வெளி ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்: வெளிக் கம்பெனி ஸ்ட்ரட் ஜோடி 1.30 லட்சம், கம்ப்ரஸரும் ரிலேவும் 38,000, ஆயில் கூலர் சீல் லேபரோட 62,000, ஆர்ம் தேஞ்சது மட்டும் 48,000, கியர் ஆயில் வேலை 28,000, முன் பிரேக் 34,000, என்ஜின் மவுண்ட் 36,000. மொத்தம் 3.76 லட்சம். கண்டக்டர் பிளேட் இப்ப வேண்டாம்.

செலவுக் கணக்கையும் போட்டுப் பார்த்தேனுங்க. எஸ் கிளாஸ் லிட்டருக்கு 10 கொடுத்தா, வருஷம் 10,000 கி.மீ.க்கு டீசல் 92,000 சுமார். ஹைக்ராஸ் ஹைப்ரிட் 17 கொடுத்தா பெட்ரோல் 60,000. வித்தியாசம் வருஷத்துக்கு 32,000. பையன் மைலேஜ் மைலேஜ்னு குதிச்சதெல்லாம் இவ்வளவுதான். நான் 25,000 கி.மீ. ஓட்டறவனா இருந்தா கதை வேற.

சரி பண்றதுன்னு முடிவுங்க. சம்சாரம் ஒரு நிபந்தனை வெச்சிருக்குது: நவம்பருக்குள்ள இதுக்கு மேல ஒரு லட்சம் எழுந்துச்சுன்னா வண்டி வியாபாரி வீட்டு வாசல்ல நிக்கணும். ஒத்துக்கிட்டேன்.

வரவு செலவு, ஈரோடு

அண்ணி சொன்னதுதான் இந்த இழையிலேயே ஒழுங்கான நிதி ஆலோசனை. பில் எல்லாத்தையும் ஃபர்ம் பேர்ல வாங்குங்க. துண்டுச் சீட்டுல எழுதின பில்லைக் கொண்டுவந்து நீட்டினா உங்க ஆடிட்டர் அழுவார்.

டாக்டர் வேலூர்

6 லட்சம் வித்தியாசம் ஒரு டார்ச் லைட்டுலயும் டேப்புலயும் வந்திருக்கு. என் வண்டிக்கும் யாராவது இப்படிச் சொல்லியிருந்தா கொஞ்சம் யோசிச்சிருப்பேன். ஆனா அப்பவும் வித்திருப்பேன்னுதான் நினைக்கறேன்.

ஸ்பேனர் செட்டு, கோவை

நல்லது. மூணு விஷயம். மேனிஃபோல்டு கழட்டியிருக்கறப்ப குளோ பிளக்கை (ஸ்டார்ட் ஆகறதுக்கு சிலிண்டரைச் சூடேத்தறது) தொடலாமான்னு கேப்பாங்க. நல்லா ஸ்டார்ட் ஆகுதுன்னா தொட வேண்டாம். மாத்தியே ஆகணும்னா என்ஜின் சூடா இருக்கறப்ப, அவசரப்படாம. உள்ளேயே உடைஞ்சா ஹெட்டைக் கழட்டற அளவுக்கு இழுக்கும்.

ஸ்ட்ரட் மாட்டினதும் காத்து ஏறாம வண்டியைத் தரையில இறக்க விடாதீங்க. ரப்பர் தப்பா மடிஞ்சா புது ஸ்ட்ரட்டும் அங்கேயே கிழியும். அப்புறம் நாலு மூலையும் உயரம் சரிபார்த்து ஸ்கேனர்ல பதியணும், அதுக்குப் பிறகுதான் அலைன்மென்ட். மாத்திச் செஞ்சா டயர் போயிடும்.

வெளிக் கம்பெனி ஸ்ட்ரட்டுக்கு வாரன்டி கார்டு கையில வாங்காம காசு கொடுக்காதீங்க.

சர்வே புலி, சென்னை

ஆர்.சி. விஷயம்: 15 வருஷம் முடியறதுக்கு முன்னாடியே விண்ணப்பம் போட்டுடுங்க. காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல்லேர்ந்து 5,000 ரூபாய், முன்னாடி 600 இருந்தது. பசுமை வரி தனி. வண்டியைக் காட்டணும், புகைச் சான்று, இன்ஷூரன்ஸ் நடப்புல இருக்கணும். கிடைச்சா அடுத்த 5 வருஷத்துக்குக் கவலை இல்லை. ஆர்.சி. காலாவதியான வண்டியில விபத்துன்னா கிளைம்ல தேவையில்லாத தலைவலி.

பாலிசியில என்ஜின் பாதுகாப்பு கிடைக்குமான்னு கேட்டுப் பாருங்க, இந்த வயசு வண்டிக்குப் பல கம்பெனிகள் தர்றதில்லை. ரப்பர், பிளாஸ்டிக் சாமானுக்கு 50 சதவீதம் கழிப்பாங்க, 10 வருஷம் தாண்டினதால உலோகத்துக்கும் 50. பம்பர் உரசலுக்கெல்லாம் கிளைம் போடாதீங்க, கிளைம் போடாததுக்குக் கிடைக்கற போனஸ் போறதுதான் மிச்சம்.

நூல்மில், திருப்பூர்

குறிச்சுக்கிட்டேனுங்க. திங்கக்கிழமை வண்டியை விடறேன். கூலர் சீல் ஊதா கலர் கையில வந்துடுச்சு.

ஓ.எம்.ஆர். ஓட்டுநர், சென்னை

சார், அந்தப் பழைய வலது ஸ்ட்ரட் இன்னும் காத்து நிக்குதுன்னீங்களே? கழட்டினதும் தூக்கிப் போட்டுடாதீங்க. புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகள்ல அலைஞ்சு அலைஞ்சு என் கால் தேஞ்சுடுச்சு, என் 2009 எஸ் கிளாஸுக்கு அந்தப் பக்கம்தான் வேணும். லாரி பார்சல் செலவு என்னது.